ஆத்தா என்னை வேறு வைத்த நாள்

எங்கள் நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகிச் சில மாதம் போனதும், பெற்றவர்கள் ஒரு நல்ல நாள் பார்த்து அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி அரிசி. இனி உன் குடித்தனம் உன் பொறுப்பு, என்ன குழம்பு என்றுகூட நாங்கள் கேட்க மாட்டோம் என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், பெற்ற பிள்ளையையா என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்களுக்கு அது பெருமை. கல்யாணம் ஆகாதவர்களை யாரும் வேறு வைப்பதில்லை. என்னைப் போன்ற ஒருத்தியை வேறு வைப்பது பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை, நான் உட்பட.

என்னைப் போன்ற ஒருத்தி என்றால் இப்படி. நான் பிறந்தபோது மூளைக்குப் போகவேண்டிய காற்று கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பெருமூளை வாதம் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள், டாக்டர்கள் சி.பி. என்கிறார்கள். கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். வலது கை தன் இஷ்டத்துக்கு எழுந்து போய்ப் பக்கத்தில் இருப்பவரைத் தட்டிவிட்டு வரும். இடது கை மட்டும் மின்சாரச் சக்கர நாற்காலியின் குச்சியை முன்னே பின்னே தள்ளும் அளவுக்குச் சொன்ன பேச்சைக் கேட்கும். வாயைத் திறந்தால் சத்தம் வரும், வார்த்தை வராது. அந்தச் சத்தங்களை உலகத்தில் ஒரே ஒருவர்தான் மொழிபெயர்ப்பார். அவர் என் அம்மா. நாங்கள் ஆத்தா என்போம். முப்பத்தொரு வருடம் என் வாய் அவரிடம்தான் இருந்தது. “அவளுக்குப் பசிக்குது”, “அவளுக்கு இந்தச் சேலை பிடிக்கலை”, “அவ உங்களைய வாங்கன்னு சொல்றா” என்று என் பக்கத்திலேயே நின்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதிக்கு நான் என்ன செய்ய முடியும்?

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மையார் என் நாற்காலியின் கைப்பிடியில் இரும்புக் கம்பி ஒன்றை முடுக்கி அதில் ஒரு திரையைப் பொருத்தினார். திரைக்குக் கீழே விரல் பருமனில் கறுப்பாக ஒரு பட்டை. அதற்குள் இருக்கும் கேமரா என் கண்மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். திரையில் ஓர் எழுத்தை நான் இமைக்காமல் பார்த்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் மெல்ல மூடும். மூடியதும் அந்த எழுத்து மேலே வரிசையில் போய் உட்காரும். வரி முடிந்ததும் மூலையில் உள்ள கட்டத்தைப் பார்த்தால், யாரோ ஒரு பெண்ணின் குரலில் யந்திரம் அதைப் படிக்கும். முதல் வட்டம் மூடியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஓர் உறுப்பு இத்தனை வருடமும் என் முகத்திலேயே இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்!

முதன்முதலில் என்ன சொல்லப் போகிறேன் என்று ஆத்தாவும் அந்த அம்மையாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ‘அம்மா’ என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் பத்து நிமிடம் கண்ணைச் சுழற்றி எழுதிய வாக்கியம் இது: “எனக்குக் கந்தரப்பம் பிடிக்காது.”

ஆத்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நான் ஒரு வயதில் கந்தரப்பத்தைப் பார்த்துச் சிரித்தேனாம். அன்றிலிருந்து என் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் வெல்லம் இடித்துப் போட்டு அதைச் சுடுவார். அது சிரிப்பில்லை, தாடை இழுத்துக்கொண்டது.

“முப்பது வருசமாத் திண்டியேடி!”

“வாயைத் திறந்தா உள்ள வச்சீக,” என்றது யந்திரம்.

ஆத்தா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. என் பேச்சுக்கு ஒருவர் சிரிப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதற்கப்புறம் எனக்கு வாய் நீண்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். சென்னையில் பாடப் புத்தகம் போடும் ஒருவருக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையும் கிடைத்தது. பிழை பார்க்கும் வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பிறந்ததிலிருந்து எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தவள். ஒற்று விட்ட இடம் என் கண்ணில் முள்ளாகக் குத்தும். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் பிழையைத்தான் பார்க்கிறேன் என்று அண்ணன் கேலி செய்வார்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்கு எழுத்து வந்தது அவரால். நான் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அவர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதும்போது நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். அவருக்கு எழுத்தெல்லாம் தலைகீழ். எனக்கு நேர். அப்படியே எழுதி எழுதி அவர் கையெழுத்து பாழாய்ப் போனது. வாத்தியாரிடம் அடி வாங்கியும் அவர் நோட்டைத் திருப்பவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அப்பச்சி, அதாவது எங்கள் தகப்பனார், போனபிறகு வீட்டுப் பொறுப்பு முழுக்க அவர் தலையில் விழுந்தது. இப்போது கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறார்.

இரண்டு வருடம் முன்பு, கட்டிலிலிருந்து என்னை நாற்காலிக்குத் தூக்கும்போது ஆத்தாவின் முழங்கால் மடங்கியது. இருவரும் தரையில் விழுந்தோம். யந்திரம் நாற்காலியில், எனக்கு முதுகுப் பக்கம். ஆத்தாவால் எழுந்திருக்க முடியவில்லை, அவர் கத்தியது தெருவுக்குக் கேட்கவில்லை, என்னால் கூப்பிட முடியவில்லை. முக்கால் மணி நேரம் இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். பால்காரர் வந்து எட்டிப் பார்த்ததால் ஆயிற்று. மறுநாளே அண்ணன் காரில் வந்து இறங்கினார்.

“ரெண்டு பேரும் என்கூடக் கெளம்புங்க. இனிமே இங்குட்டு ஒரு நாள் இருக்க வேணாம்.”

கோயம்புத்தூர் வீடு எனக்குத் தெரியும். நாலாவது மாடி, லிப்ட் உண்டு, எனக்கென்று தனி அறை. அண்ணன் மனைவி தங்கமான மனுஷி. ஒரு குறை சொல்ல முடியாது. அங்கே போனால் சாகும்வரை என்னை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பார்த்துக்கொள்ளப்படுவதை நான் பிறந்ததிலிருந்து செய்துவருகிறேன். வேறு ஏதாவது செய்ய ஆசைப்பட்டேன்.

“நான் வரலை. இங்கேயே தனியா இருக்கேன். ஆத்தாவைக் கூட்டிட்டுப் போங்க,” என்று எழுதினேன். எழுதி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அண்ணன் அதைக் கேட்டுக் கத்த ஆரம்பிக்க ஒரு நொடி போதும். யார் தூக்குவது, யார் ஊட்டுவது, யாராவது கதவைத் தட்டினால் என்ன சொல்வாய் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் கோபத்துக்குள் இருந்தது பயம் என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கும் மூக்குக்கு மேலே கோபம் வரும்.

இரண்டு நாள் வீடு இப்படியே ரணகளமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை, முழங்காலில் கட்டோடு சாய்ந்திருந்த ஆத்தா, காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“இவளை வேறு வைக்கப் போறேன்.”

அண்ணனுக்கு வாயடைத்துவிட்டது. எனக்கு அது எப்போதும் அடைத்துத்தான் இருக்கும், ஆனாலும் அன்று கண்ணும் ஓடவில்லை.

“வேறு வைக்கிறதுன்னா மொறையா வைப்பேன். சாமான் குடுப்பேன், பால் காய்ச்சணும், நம்ம ஆளுகளைக் கூப்பிடணும். ஒரே ஒரு பேச்சுத்தான். வாரவுகளைய வீட்டுக்காரி வாசல்ல இருந்து ‘வாங்க’ன்னு கேக்கணும். நான் கேட்டுக் குடுக்க மாட்டேன். நானும் விருந்தாளியாத்தான் வருவேன். சாயங்காலம் போகையில ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னைய வாங்கன்னு கேக்கலைன்னு சொன்னாலும், நீ மறுபேச்சுப் பேசாம அண்ணன்கூடக் கோயம்புத்தூரு போயிரணும்.”

வெளியூர்க்காரர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். காரைக்குடியில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். எங்கள் பக்கம் வீட்டுக்கு வருபவர்களைத் தனித்தனியாக, முகத்தைப் பார்த்து, வாங்க என்று கேட்க வேண்டும். இருபது பேர் சேர்ந்து வந்தாலும் இருபது வாங்க. அறுசுவை விருந்து போட்டும் அந்த ஒரு சொல் விட்டுப்போனதால் பத்து வருடம் பேசாமல் இருக்கும் சம்பந்திகளை எனக்குத் தெரியும். யார் வாங்க என்று கேட்கிறார்களோ அவர்களுடையதுதான் வீடு. வந்தது யார், அவருக்கு என்ன முறை, என்ன மரியாதை என்று தெரிந்தவர்தான் குடித்தனக்காரர். ஆத்தா என்னிடம் எந்த டாக்டரும் வைக்காத பரீட்சையை வைத்திருந்தார். அண்ணனும் ஒப்புக்கொண்டார். நான் தோற்பேன் என்று அவர் நம்பியதை முகத்திலேயே பார்த்தேன்.

செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கீழ்வீடு ஒன்று கிடைத்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, கிழக்குப் பார்த்த வாசல். கொத்தனார் படிகளின் மேல் சிமெண்டில் சாய்தளம் போட்டுக் கொடுத்தார். வாசலில் கேமராவும், என் திரையிலிருந்தே திறக்கும் பூட்டும் வைத்தோம். விளக்கு, மின்விசிறி, மின் அடுப்பு எல்லாம் என் கண்ணுக்கு வேலை செய்யும். காலையும் சாயங்காலமும் என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, சமைத்து ஊட்டிவிட ஒரு அக்கா வருவார். கண்டரமாணிக்கத்தில் விவசாயக் குடும்பம், உழவு மாட்டையே அடக்கியவர், நான் அவருக்கு ஒரு கனமே இல்லை. அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். முப்பத்துநாலு வயதில் பாப்பா. பல்லைக் கடித்துக்கொண்டேன், கடிக்க வந்த அளவுக்கு.

ஒத்திகையாக ஒரு நாள் முற்பகல் அந்த அக்காவை ஒரு மணி நேரம் வெளியே போகச் சொன்னேன். கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் சந்தைத் தாண்டிப் போனது. வீட்டில் யாரும் இல்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. நான் பிறந்ததிலிருந்து, தூங்கும்போதுகூட, இன்னொருவர் மூச்சுச் சத்தம் கேட்காத இடத்தில் இருந்ததே இல்லை. அன்று கேட்டது என் மூச்சு மட்டும்தான். இவ்வளவு சத்தமாகவா மூச்சு விடுகிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. கண்ணால் மின்விசிறியைப் போட்டேன். சுழன்றது. நிறுத்தினேன். நின்றது. மறுபடி போட்டேன். ஏழெட்டுத் தடவை அந்த மின்விசிறியைப் பாடாய்ப் படுத்தினேன். சன்னல் வழியாக வெயில் தரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் எதற்கும் தலையாட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்கா திரும்பி வந்தபோது என் முகமெல்லாம் கண்ணீர். அவர் பயந்துவிட்டார். சந்தோஷம் என்று எழுதிக் காட்டும்வரை விடவில்லை.

வைகாசியில் நாள் குறித்தார்கள். மொத்தம் இருபத்துநாலு பேர் வருவதாக இருந்தது. எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டிருந்தால் வருகிறவர்கள் வெயிலில் வெந்துபோவார்கள். அதனால் திரையில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு வரி எழுதி வைத்தேன். அதைப் பார்த்தால் போதும், யந்திரம் பேசிவிடும். மூட்டுவலிக்காரருக்கு ஒரு விசாரிப்பு, கண் ஆபரேஷன் செய்துகொண்ட சின்னாத்தாவுக்கு ஒன்று, சண்டை போட்டுச் சமாதானமான அயித்தைக்குச் சண்டையை நினைவுபடுத்தாத ஒன்று. ஆத்தாவின் வரிக்கு மட்டும் நாலு நாள் ஆனது. அண்ணனுடையதைக் கோபமாக இருந்த ஒரு நாளில் எழுதினேன்: “வாங்க அண்ணே, கோயம்புத்தூரு பேச்சை எடுக்காம உள்ள வாங்க.” ஒத்திகை எல்லாம் சாயங்காலத்தில் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. மெய்ப்புப் பார்க்கிறவள் வீட்டில் பிழை வருமா என்று எனக்கு ஒரே தலைக்கனம்.

அந்த நாள் வந்தது. அக்கா எனக்கு அரக்கு நிறப் பட்டுக் கட்டிவிட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் நாற்காலியை ஓட்டிக்கொண்டுபோய் வாசல் நிலையை ஒட்டி நின்றேன். உள்ளே உட்கார்ந்து கேட்டால் போதாதா என்று அக்கா கேட்டார். போதாது. வாசலில் நின்று கேட்பதுதான் முறை. முதலில் வந்த சின்னாத்தாவின் மகள்கள், அயித்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கணக்காக, ஒவ்வொருவராகக் கேட்டேன். அயித்தை நின்று என் கன்னத்தைத் தடவி, “கேட்டியா! என்னா தெளிவா கேக்குறா!” என்று பின்னால் வந்தவரிடம் சொன்னார். பதினைந்து பேர் ஆயிற்று.

அப்போதுதான் எதிர்வீட்டு மாடிக்கு மேலே சூரியன் ஏறியது. கிழக்குப் பார்த்த வாசல் என்று சொன்னேன் அல்லவா? என் கண்ணைப் பார்க்கும் அந்தக் கேமராவுக்கு நேர் வெயில் ஆகாது. அந்த அம்மையார் இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சாயங்கால ஒத்திகையில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. திரையில் என் பார்வைப் புள்ளி தள்ளாடியது. பெரியப்பச்சி, என் தகப்பனாரின் அண்ணன், எண்பது வயதுக்காரர், தடியை ஊன்றிச் சாய்தளத்தில் ஏறி வந்து என் எதிரே நின்றார். அவர் கட்டத்தைத்தான் பார்த்தேன். யந்திரம் கணீரென்று சொன்னது: “வாங்க சின்னாத்தா, கண் ஆபரேசன் நல்லபடியா ஆச்சா?”

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. பெரியப்பச்சி ஒரு கணம் யோசித்தார். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “நல்லபடியா ஆச்சு ஆத்தா. உன்னைய இப்பத் தெளிவாத் தெரியுது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த மனிதருக்கு நான் கோயில் கட்டலாம்.

அடுத்த ஆறு பேரை எப்படியோ தள்ளாடித் தள்ளாடிக் கேட்டு முடித்தேன். ஒருவருக்கு ஐந்து தடவை கண்ணை மூடித் திறக்க வேண்டியிருந்தது. கடைசியில் சந்து முனையில் அண்ணன் கார் வந்து நின்றது. ஆத்தாவும் அண்ணனும் இறங்கினார்கள். ஆத்தா கையில் பால் செம்பு. நொண்டி நொண்டி வந்து சாய்தளத்தின் கீழே நின்றார். அதே நேரம் திரையில் ஒரு பெட்டி வந்தது: கண்கள் தெரியவில்லை. கட்டங்கள் எல்லாம் மறைந்துவிட்டன.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வந்தது. முப்பத்துநாலு வருடமாக அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்லிவந்தவர் எதிரில் நிற்கிறார். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாமலா? சந்தில் நின்ற நாய்க்குக்கூட அன்று தெரிந்திருக்கும்.

“வெயில்ல நிக்காதீக ஆத்தா, உள்ள வாங்க,” என்றார் அண்ணன்.

“நீ யாருடா என்னைய வாங்கன்னு கேக்க? வீட்டுக்காரி இன்னும் கேக்கலைல்ல?”

ஆத்தா நகரவில்லை. முழங்கால் நடுங்குவது சேலைக்கு வெளியே தெரிந்தது. நெற்றியில் வியர்வை வழிந்தது. என் முகத்தைப் படிப்பதில் உலகத்திலேயே கெட்டிக்காரரான அந்த மனுஷி, என் முகத்தைப் படிக்க மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தார். எனக்கு முதலில் ஆத்திரம் பொங்கியது. அடுத்த மூச்சில், அவர் எனக்கு என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பிடிபட்டது. அப்படி ஒரு பிரமிப்பை நான் அதற்கு முன்பும் அனுபவித்ததில்லை, பின்பும் இல்லை.

இடது கையால் குச்சியைப் பின்னால் இழுத்தேன். நாற்காலி நிலையை விட்டு உள்ளே நகர்ந்தது. வீட்டுக்குள் இருந்தவர்கள் பதறிவிட்டார்கள். விருந்தாளி வாசலில் நிற்கும்போது கேட்காமல் உள்ளே போவது மகா அவமரியாதை. “என்னாது, உள்ள போகுது?” என்று அயித்தை வாய்விட்டே கேட்டார். ஆத்தா அதற்கும் அசையவில்லை. இரண்டடி பின்னால் வந்ததும் நிலையின் நிழல் என் முகத்தில் விழுந்தது. பெட்டி மறைந்தது. கட்டங்கள் திரும்பி வரவில்லை, எழுத்துப் பலகைதான் வந்தது. நாலு நாள் எழுதிய அந்த வரி எங்கேயோ போய்விட்டது. அதைத் தேட நேரமில்லை. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். எழுத்து விழும்போதெல்லாம் யந்திரம் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். வீட்டுக்குள்ளும் சந்திலும் வேறு சத்தமே இல்லை. எல்லோரும் அந்த டக்கை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

“வாங்க ஆத்தா.”

“வந்தேன்,” என்றார் ஆத்தா. பால் செம்போடு, யார் கையையும் பிடிக்காமல் ஏறி வந்தார். அந்த வீட்டின் ஒவ்வொரு கரண்டியையும் வாங்கி அடுக்கியவர் அவர்தான். ஆனாலும் நடுவீட்டில் வந்து நின்று, புதிய இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

“நான் எங்குட்டு உக்காரட்டும்?”

பிறந்ததிலிருந்து என்னைத் தூக்கித் தூக்கி உட்காரவைத்தவர் கேட்கிறார். எனக்குத் திரை மங்கிவிட்டது. இந்தத் தடவை அதற்கு வெயில் காரணமில்லை. கண்ணைத் துடைக்கக் கை வராது. ஆகவே கண்ணீர் தானாக வழிந்து முடியும்வரை காத்திருந்து, ‘விசிறிக்கு அடியில’ என்று எழுதி, மின்விசிறியையும் கண்ணாலேயே போட்டேன். ஆத்தா அதுவரை நின்றபடியே இருந்தார். பிறகு மின் அடுப்பைப் போட்டேன். பால் பொங்கியது. அடுப்படியிலிருந்து தலையை நீட்டிய அந்தக் கண்டரமாணிக்கத்து அக்கா, “ஆச்சி, இலை போடவா?” என்றார். எங்கள் பக்கம் வீட்டுக்காரியைத்தான் ஆச்சி என்பார்கள். யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். பாப்பா அன்றோடு போயிற்று.

சாப்பாடெல்லாம் முடிந்து, வெயில் வீட்டுக்குப் பின்பக்கம் போனபிறகு ஆத்தா எழுந்தார். கோயம்புத்தூருக்குக் கார் தயாராக நின்றது. அவர் துணிப்பெட்டி காலையிலேயே அதில் ஏறிவிட்டது. என் பெட்டி ஏறுமா இல்லையா என்பதுதான் மிச்சம். எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

“யாரையாச்சும் வாங்கன்னு கேக்காம விட்டுருச்சா? இருந்தாச் சொல்லிப்புடுங்க. மனசுல வச்சுக்கிட்டுப் போகாதீக.”

“என்னையவா? ரெண்டு ஆளாச் சேத்துல்ல கேட்டுச்சு,” என்றார் பெரியப்பச்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. என் கண் சுவரோரம் போயிருந்தது. அங்கே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். காலையில் எல்லோரும் ஆத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போயிருந்தார். அவரை நான் கேட்கவில்லை. அந்த ஒருவரை விட்டுவிட்டேன். அவருக்கும் அது தெரியும் என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. என்னை அழைத்துப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. அதுவும் பொய்யில்லை, சத்தியமான வார்த்தை. மறுபேச்சுப் பேசாமல் நான் காரில் ஏறித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் சுவரோரத்திலிருந்து நகர்ந்தார். எல்லோரையும் தாண்டி வெளியே போனார். செருப்பை மாட்டினார், சாய்தளத்தில் இறங்கினார், சந்துக்கே போய்விட்டார். கோபித்துக்கொண்டு காருக்குப் போகிறார் என்று நினைத்தேன். சந்தின் நடுவில் நின்று திரும்பினார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியவர்போல் மெல்ல நடந்து வந்து, சாய்தளத்தின் கீழே, காலையில் ஆத்தா நின்ற அதே இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார்.

நாற்காலியை வாசலுக்கு ஓட்டிப்போனேன். இப்போது அங்கே நல்ல நிழல். கட்டங்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. அவருடைய கட்டமும் இருந்தது, கோபத்தில் எழுதிய அந்த வரியோடு. அதை நான் பார்க்கவில்லை. எழுத்துப் பலகைக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவருக்குப் பின்னால் ஓர் ஆட்டோ வந்து ஆரன் அடித்தது. அண்ணன் அசையவில்லை. ஆட்டோக்காரர் திட்டினார். அதற்கும் அசையவில்லை. டக், டக் என்று எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன.

“வாங்க அண்ணே.”

அண்ணன் தலையை ஆட்டினார். உள்ளே எட்டிப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“எல்லாரையும் கேட்டுருச்சு ஆத்தா. நாம கெளம்பலாம்.”